ஆள்காட்டிக்கும் இடம் விடும் கோல்ஃப் மைதானம்: சென்னைப் புல்வெளிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரை மாதம், காலை ஆறரை மணி. சென்னை நகருக்குள் இருக்கும் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வண்டியை ஓட்டி வந்த மாலி சட்டென்று அதை நிறுத்திவிட்டு இறங்கினார். இரண்டு ஆள்காட்டிப் பறவைகள் அவர் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின. அவர் குனிந்து காட்டிய இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சரளைக்கல்லும் காய்ந்த மண்ணும்தான் இருந்தன. விரலை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். அப்புறம்தான் கண்ணில் பட்டது. சரளையின் அதே நிறத்தில், கறுப்புத் திட்டுகளோடு நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்பக்கம் பார்த்தபடி. கூடு என்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லை.

அவர் சுற்றிலும் நான்கு குச்சிகளை நட்டு, இடுப்பில் இருந்த சிவப்புத் துணியைக் கிழித்துக் கட்டினார். "இன்னும் ஒரு மாசத்துக்கு வண்டி இந்தப் பக்கம் வராது சார்" என்றார். யாரும் அவருக்கு அப்படி உத்தரவு போடவில்லை. சிவப்பு மூக்கு ஆள்காட்டியின் முட்டை பொரிய நான்கு வாரம் ஆகும் என்பதைப் பார்த்துப் பார்த்தே தெரிந்து வைத்திருந்தார்.

நான் கோல்ஃப் ஆடுபவன் இல்லை. பறவை பார்க்கப் போனவன். ஆனால் அன்று முதல் எனக்கு ஒரே எண்ணம்தான். அந்த மாலி தன் மனசுக்குச் சரி என்று பட்டதைச் செய்தார். அதையே ஒரு மைதானம் முழுக்க வழக்கமாக்க முடியும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். கல்லூரி மைதானம், பெரிய குடியிருப்பு வளாகம், தொழிற்சாலைப் புல்வெளி என்று எதைப் பராமரிப்பவருக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஏன் கோல்ஃப் மைதானம்?

18 குழி கொண்ட ஒரு முழு மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். அதில் உண்மையில் ஆட்டம் நடக்கும் புல் குறைவு. முதல் அடி அடிக்கும் டீ, பந்து உருண்டு போகும் ஃபேர்வே, குழி இருக்கும் வழுவழுப்பான கிரீன் ஆகிய மூன்றையும் சேர்த்தாலும் பெரும்பாலும் பாதி நிலத்தைத் தாண்டாது. மிச்சமெல்லாம் ரஃப் எனப்படும் ஓரப்புல், மரங்கள், குளங்கள். நிலம் இவ்வளவு விலை போகும் ஊரில், கட்டடம் இல்லாமல் இவ்வளவு பெரிய துண்டு வேறு எங்கே கிடைக்கும்?

சென்னைக்கு இது இன்னும் முக்கியம். நந்தனம் மைதானமும், நெடுங்காலம் கோல்ஃப் ஆடப்பட்ட கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலமும் அடையாற்றுக்குப் பக்கத்தில் இருப்பவை. கிண்டி தேசியப் பூங்காவும் அதிக தூரத்தில் இல்லை. அந்தப் பூங்காவின் மொத்தப் பரப்பு 2.7 சதுர கி.மீ.தான். வெளிமானும் புள்ளிமானும் நரியும் நட்சத்திர ஆமையும் அந்தச் சின்ன இடத்துக்குள்தான் வாழ்கின்றன. பறவைக்கும் வௌவாலுக்கும் பட்டாம்பூச்சிக்கும் காம்பவுண்டு சுவர் ஒரு தடையே இல்லை. பூங்காவுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இறங்கி இளைப்பாற ஒவ்வொரு பச்சைத் துண்டும் அவற்றுக்குத் தேவைப்படுகிறது.

முதல் படி: நடுவதற்கு முன் கணக்கெடுங்கள்

பசுமைத் திட்டம் என்றாலே மரக்கன்று நடுவதில்தான் பலரும் தொடங்குகிறார்கள். அவசரப்படாதீர்கள். ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமல் நட்டால், ஆள்காட்டி முட்டையிடும் வெட்டவெளியிலேயே குழி தோண்டிவிடுவோம்.

மைதானத்தின் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொள்ளுங்கள். அதை மாலிகள், ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடிகள், இரவுக் காவலர் ஆகியோர் முன்னால் விரித்து வையுங்கள். கீரி எந்தப் புதரிலிருந்து வருகிறது, எந்த மரப்பொந்தில் ஆந்தை இருக்கிறது, மழைக்குப் பிறகு எந்தப் பள்ளத்தில் தவளை கத்துகிறது, சாரைப்பாம்பு வெயில் காய எங்கே படுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆலோசகரை அழைத்து வந்து மூன்று மாதம் நடக்க விட்டாலும் இதில் கால்வாசி கிடைக்காது. அவர்கள் சொல்வதை அப்படியே படத்தில் குறியுங்கள்.

அப்புறம் பறவைக் கணக்கு. மைதானத்தில் ஆறு அல்லது ஏழு இடங்களை நிரந்தரமாகத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதுங்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நான்கு முறை போதும். ஜனவரிக் கணக்கைப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்போடு சேர்த்துக்கொள்ளலாம். 2015 முதல் தமிழகம் முழுக்க நடக்கும் அந்தக் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம், பட்டியலை இபேர்ட் செயலியில் ஏற்றினால் சரி. அடையாளம் காண ஆள் வேண்டுமென்றால் 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளின் உறுப்பினர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு முறையாவது இரவில் நடந்து பாருங்கள். மரநாய், கூகை, வௌவால், பகலில் இருக்குமிடமே தெரியாத தேரைகள் என்று அது வேறு ஓர் உலகம்.

இரண்டாம் படி: எதை வெட்டாமல் விடலாம்?

எல்லாவற்றிலும் பெரிய பலன் தருவதும், செலவே இல்லாததும் இதுதான். ஆனால் மனத்தடை அதிகமாக இருப்பதும் இதில்தான்.

முதலில் புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கோல்ஃப் உலகம் பெர்முடா என்று அழைப்பது நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அந்த இனமும் அதன் கலப்பின வகைகளும்தான் நம்மூர் கிரீன்களில் இருக்கின்றன. கிரீனில் அதை 3 முதல் 4 மி.மீ. உயரத்தில் ஒட்ட வெட்டுகிறார்கள். ஃபேர்வேயில் ஏறக்குறைய 12 முதல் 15 மி.மீ., ரஃப்பில் சில சென்டிமீட்டர். உயரம் குறையக் குறைய வேர் மேலேயே நின்றுவிடும், தண்ணீரும் உரமும் மருந்தும் கூடுதலாகக் கேட்கும். வெட்டாமல் விட்டால் அதே நிலம் பெரும்பாலும் மழையை வைத்தே பிழைத்துக்கொள்ளும்.

எந்த இடத்தை விடுவது? கேடிகளைக் கேளுங்கள். எந்த மூலையில் மாதக்கணக்கில் ஒரு பந்துகூட விழுவதில்லை என்று அவர்கள் கை காட்டுவார்கள். டீக்கும் ஃபேர்வே தொடங்கும் இடத்துக்கும் நடுவில் உள்ள நிலம், இரண்டு குழிகளுக்கு இடைப்பட்ட முக்கோணங்கள், சுற்றுச்சுவர் ஓரம், பம்பு அறையின் பின்புறம் என்று சேர்த்தால் ஏக்கர் கணக்கில் வரும். முதல் ஆண்டு இரண்டு ஏக்கர் போதும். வெற்றி பெற்ற பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

இனி செய்முறை. விட்ட பகுதியின் விளிம்பில் மட்டும் வண்டியின் ஓர் அகலத்துக்கு ஒழுங்காக வெட்டிக்கொண்டே இருங்கள். அந்த ஒரு கோடு இருந்தால் "பராமரிப்பு இல்லை" என்ற பேச்சு வராது, வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்று பார்த்ததும் புரியும். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சின்னப் பலகை வையுங்கள். வடகிழக்கு மழையில் வளர்ந்து, பூத்து, விதை உதிர்ந்த பிறகு பிப்ரவரி வாக்கில் வெட்டுங்கள். அதுவும் மொத்தத்தையும் ஒரே தடவையில் வெட்டக் கூடாது. மூன்றாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பங்கு. மிச்சத்தில் சில்லைகள் விதை பொறுக்கும், பட்டாம்பூச்சிக் கூட்டுப்புழுக்கள் பிழைக்கும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் எட்டிப் பார்த்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். மே மாதத்துக்கு முன் சாலையோரச் சுவரை ஒட்டி ஒரு தீத்தடுப்புப் பட்டை வெட்டுவது அவசியம், ஒரு பீடித்துண்டு போதும் எல்லாம் போக.

பாம்பு வருமே என்பார்கள். நியாயமான பயம். நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் சென்னையில் இருப்பவைதான், மறைப்பதற்கில்லை. அதனால்தான் ஆட்கள் நடக்கும் பாதைக்கும் உயரப்புல்லுக்கும் நடுவில் இரண்டு மீட்டராவது ஒட்ட வெட்டிய இடைவெளி வேண்டும் என்கிறேன். உள்ளே போன பந்தைக் கைவிட்டுத் துழாவக் கூடாது. கோல்ஃப் விதி 16.2-இலேயே ஆபத்தான விலங்கு இருக்கும் இடத்திலிருந்து அபராதம் இல்லாமல் பந்தை மாற்றி வைத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. ஆட்டக்காரர்களில் பலருக்கு இது தெரியாது. மாலிகளுக்கு முழங்கால் வரை வரும் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். செருப்போடு ஒருவரை அந்தப் புல்லுக்குள் அனுப்பிவிட்டு இயற்கைப் பாதுகாப்பு என்று பேசுவது தவறு. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். எந்த மருத்துவமனை, எந்த வண்டி என்பதை ஷெட் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாம் படி: புதரும் மரமும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது நகரம் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. அழகுக்கு நட்ட வெளிநாட்டு மரங்கள் எத்தனை வேரோடு சாய்ந்தன என்பதை ஒவ்வொரு தெருவிலும் பார்த்தோம். நம் கடற்கரை மண்ணின் சொந்தக் காடு வேறு மாதிரி. அதை உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். குட்டையான, நெருக்கமான, ஆண்டு முழுக்க இலை உதிராத காடு. வீரை, காசான், பாலை, களா, காரை, சூரை எல்லாம் அந்தக் காட்டின் ஆட்கள். கிண்டியில் இன்னும் மிச்சம் இருப்பது அதுதான்.

மைதானத்தில் நட வேண்டியவையும் இவைதான். உயர மரத்துக்கு நாவல், இலுப்பை, மகிழம், வேம்பு. குளக்கரைக்கு நீர்மருது, பூவரசு, புங்கம். ஆனால் மரத்தை விட எனக்கு முள்புதர் முக்கியமாகப் படுகிறது. மைதானங்களில் மேலே மரம் இருக்கும், கீழே புல் இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. கொண்டைக்குருவி கூடு கட்டுவதும், தையல்சிட்டு பதுங்குவதும், கீரி குட்டி போடுவதும் அந்த நடு அடுக்கில்தான். ஃபேர்வேயின் இருபுறமும் வேண்டாம். சுவர் ஓரமாகக் களாவும் காரையும் சூரையும் கலந்து பத்தடி அகலத்துக்கு ஒரு வேலி போல விடுங்கள். முள்கம்பி வேலியின் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பட்டாம்பூச்சிக்கு மலரை விட இலைதான் தேவை, புழு தின்பது இலையை. எருக்கஞ்செடியை ஏன் வெட்ட வேண்டும்? வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழு அதில்தான் வளர்கிறது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் அழகி என்ற பட்டாம்பூச்சி வகைகளுக்கு. ஆடுதீண்டாப்பாளைக் கொடி இருந்தால் ரோஜா அழகி வரும்.

இலைக்குப்பையை எரிக்காதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். அக்டோபர் வாக்கில் வடக்கிலிருந்து ஆறுமணிக்குருவி வந்து இறங்கும். காலை ஆறு, மாலை ஆறு என்று அந்தி நேரங்களில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும் பறவை நம் தோட்டத்து மரத்தடியில் நான்கைந்து மாதம் தங்குகிறது. அதற்கு வேண்டியதெல்லாம் நிழலும், கீழே மக்கிய இலையும்தான். ஒருநாள் ஒரு மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வோர் இலையாக அலகால் கவ்வி ஓரமாகப் போட்டுவிட்டு, அடியில் நெளிந்த மண்புழுவை இழுத்தது. பெருக்கிச் சுத்தமாக வைத்த தரையில் அதற்கு ஒன்றும் கிடைக்காது. மரங்களுக்கு அடியில் இலையை அப்படியே விடுங்கள், ஃபேர்வேயில் விழுந்ததை மட்டும் அள்ளி அங்கேயே கொண்டுவந்து கொட்டுங்கள்.

பட்டமரம் விழுந்து ஆளை அடிக்கும் இடத்தில் இல்லையென்றால் அதையும் நிற்க விடுங்கள். கிளியும் குக்குறுவானும் புள்ளி ஆந்தையும் பனங்காடையும் பொந்துக்கு அலைகின்றன.

நான்காம் படி: குளம்

கரையிலிருந்து குறைந்தது எட்டு மீட்டருக்கு உரமும் மருந்தும் போகக் கூடாது. அந்தப் பட்டையில் கோரையும் வெட்டிவேரும் வளரட்டும். மேலிருந்து வடியும் தண்ணீரின் சத்தை அவை பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் அந்த உரம் குளத்துக்குப் போய், ஒரே பருவத்தில் ஆகாயத்தாமரை மூடிவிடும். பிறகு அதை அள்ள ஆள் தேட வேண்டும்.

கரையைச் செங்குத்தாகக் கட்டாதீர்கள். ஏற்கெனவே சிமென்ட் கரையாக இருந்தால், நான்கு இடத்தில் கல் அடுக்கிச் சரிவு போடுங்கள். உள்ளே விழும் ஆமையும் கம்புள்கோழிக் குஞ்சும் ஏறி வர வழி வேண்டும். உள்ளான் தேடுவது கணுக்கால் அளவு தண்ணீரைத்தான், ஆழத்தை அல்ல. குளத்தின் ஒரு பக்கமாவது அப்படிச் சரிந்து போகட்டும்.

கொசு வருமே என்ற கேள்விக்கும் பதில் உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, மீனும் தட்டானும் இருக்கும் குளத்தை விரும்பாது. அது தேடுவது சின்னச் சின்னதாகத் தேங்கிய தண்ணீரை. தெளிப்பான் வால்வுப் பெட்டி, பந்து கழுவும் டப்பா, பழைய டயர், ஷெட்டின் பின்னால் கிடக்கும் பெயின்ட் வாளி இவற்றை வாரம் ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள். குளத்தில் உள்ளூர்க் குறுமீன்களே போதும், கம்பூசியா என்ற வெளிநாட்டுக் கொசுமீனைக் கொண்டுவந்து விட வேண்டாம். அது தவளை முட்டையையும் தின்றுவிடும்.

தண்ணீரில் விழுந்த பந்துகளை ஆண்டுக்கு இரண்டு முறையாவது எடுத்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் கடலோர கோல்ஃப் மைதானங்களுக்கு அருகே கடலடியிலிருந்து 50,000-க்கும் மேற்பட்ட பந்துகளை எடுத்திருக்கிறார்கள். அவை தேய்ந்து பிளாஸ்டிக் துகளாகிக்கொண்டிருந்தன.

செப்டம்பர் கடைசியில் குளத்து மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், அந்தத் தண்ணீரைப் புல்லுக்கே பாய்ச்சலாம். அக்டோபர், நவம்பரில் கொட்டும் மழையில் ஒரு பங்கு தெருவுக்குப் போகாமல் உள்ளேயே நிற்கும். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024-இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகு அங்கே குளங்கள் வெட்டியதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

ஐந்தாம் படி: தண்ணீர்க் கணக்கு

ஓர் ஏக்கரில் ஒரு மி.மீ. தண்ணீர் என்பது 4,047 லிட்டர். வெயில் காலத்தில் புல்லுக்கு நாளொன்றுக்கு 4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கருக்கு 16,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரியில் ஒன்றேகால் லாரிக்கும் கூட. 30 ஏக்கர் ஃபேர்வே என்றால் ஏறக்குறைய 40 லாரி, ஒரே நாளில். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. இந்தக் கணக்கு ஒவ்வொரு கிளப் கமிட்டியின் மேசையிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திருப்பியும் போட்டுப் பாருங்கள்: ஐந்து ஏக்கர் ஃபேர்வேயை மழையை நம்பும் ரஃப்பாக மாற்றினால் நாளுக்கு 80,000 லிட்டர் மிச்சம்.

தெளிப்பான்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். கேன்டீனிலிருந்து ஒரே அளவான இருபது எவர்சில்வர் டம்ளர்களை வாங்கி வாருங்கள். நேராக நிற்கும் பக்கமுள்ள டம்ளராக இருக்க வேண்டும், வாய் விரிந்தது உதவாது. ஒரு கிரீனைச் சுற்றிச் சம இடைவெளியில் வைத்து 15 நிமிடம் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். பிறகு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். நான் பார்த்த ஒரு சோதனையில் ஒரு டம்ளரில் 9 மி.மீ., எட்டடி தள்ளி இருந்ததில் 2 மி.மீ. அந்த 2 மி.மீ. இடம் காய்கிறதே என்று மொத்த கிரீனுக்கும் பல மாதமாகக் கூடுதல் நேரம் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். பிரச்சினை, மண் அடைத்த ஒரு நாசில்.

பொழுது விடியும் முன் பாய்ச்சுங்கள், காற்றும் வெயிலும் கொண்டுபோவது குறையும். மழைமானி ஒன்று கட்டாயம். சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துவது நல்ல வழிதான், ஆனால் உப்பின் அளவை மாதாமாதம் பாருங்கள். பருவமழை வந்து கழுவும் வரை உப்பு மண்ணிலேயே தங்கும்.

ஆறாம் படி: மருந்து

1984-இல் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் பகுதியில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் சுமார் 700 காட்டு வாத்துகள் செத்து விழுந்தன. புல்லில் அடித்த டயசினான் மருந்துதான் காரணம். புல்லை மேய வந்த பறவைகள் அவை. அதன் பிறகு கோல்ஃப் மைதானங்களில் அந்த மருந்துக்கு அமெரிக்கா தடை போட்டது. நம்மூரில் புல்லில் இறங்கி மேய்வது மைனா, கொண்டலாத்தி, உண்ணிக்கொக்கு, ஆள்காட்டி.

நம் பக்கத்திலும் ஒன்றைப் பார்த்தேன். ஒரு மைதானத்தில் புழுவுக்கு மருந்து அடித்த அன்று மாலையே இடிமழை. மறுநாள் காலை குளத்தின் ஓரமெல்லாம் கெண்டைகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. மடையான்கள் அவற்றைக் கொத்த வந்துகொண்டிருந்தன. இரண்டு மாலிகள் கூடையில் மீனை அள்ள, மற்றவர்கள் கை தட்டிப் பறவைகளை விரட்டிக்கொண்டே நின்றார்கள். அன்று மத்தியானம் வரை யாரும் சாப்பிடப் போகவில்லை.

அதனால் மருந்தைக் கையில் எடுக்கும் முன் பூச்சி உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். புல் பழுப்பாவதற்குத் தண்ணீர்க் குறை, பூஞ்சை, மழுங்கிய கத்தி என்று பல காரணங்கள் உண்டு. ஒரு வாளியில் நாலைந்து லிட்டர் தண்ணீர், அதில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். ஒரு சதுர மீட்டரில் மெதுவாக ஊற்றிவிட்டு உட்காருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் பிள்ளைப்பூச்சியும் படைப்புழுவும் எரிச்சல் தாங்காமல் மேலே வரும். எண்ணுங்கள். ஒன்றிரண்டு என்றால் மைனாக்கள் பார்த்துக்கொள்ளும். நிறைய வந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மருந்து. வேர்ப்புழு இந்த முறைக்கு வராது. அதற்குப் புல்லை ஓர் அடிக்கு ஓர் அடி பெயர்த்துப் பார்க்க வேண்டும்.

டப்பாவில் இருக்கும் முக்கோண வண்ணத்தைப் பாருங்கள். சிவப்பு கடும் விஷம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பை மைதானத்துக்குள்ளேயே விடாதீர்கள். மழை அறிவிப்பு இருக்கும்போதும், காற்று வீசும்போதும், கூடு இருக்கும் இடத்திலும் அடிக்கக் கூடாது. அடிப்பவருக்குக் கையுறை, முகமூடி, பூட்ஸ் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. எலி மருந்து அறவே வேண்டாம். விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் கூகையும் சாகும். உயரமான மரத்தில் ஒரு மரப்பெட்டி வைத்தால் கூகை குடும்பமே வந்து எலியைப் பார்த்துக்கொள்ளும். உரத்துக்கு ஒரே விதிதான்: மண் பரிசோதனை சொல்வதற்கு மேல் ஒரு பிடி கூடாது, அதுவும் சிறுகச் சிறுக, பருவமழை மாதங்களில் முடிந்தவரை இல்லாமல்.

ஏழாம் படி: கூடு, வலை, நாய், விளக்கு

ஆள்காட்டிகள் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தரையில் முட்டையிடும். கண்டதும் குச்சி நட்டுத் துணி கட்டி, வண்டியை விலக்குங்கள். கிட்டே நின்று படம் எடுக்காதீர்கள். மே மாத வெயிலில் தாய்ப்பறவை குளத்தில் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும், சூட்டைத் தணிக்க. நாம் நிற்கிற பத்து நிமிடம் அது வர முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டையாடுவதற்குச் சமம். ஆட்டக்காரர்களுக்கும் விதியிலேயே வழி இருக்கிறது: கமிட்டி ஓர் இடத்தை ஆடக்கூடாத பகுதி என்று அறிவித்து, குச்சியின் தலையில் பச்சை நிறம் பூசிக் காட்டலாம். பந்து உள்ளே போனால் போய் அடிக்கக் கூடாது, வெளியே வைத்துத்தான் ஆட வேண்டும்.

பயிற்சித் தளத்து நைலான் வலையை தினமும் காலையில் ஒரு சுற்றுப் பாருங்கள். தரையில் புரளும் வலையில் சாரைப்பாம்பு மாட்டினால், முன்னே போகப் போக இறுகும். வலையைத் தரையிலிருந்து ஓர் அடி தூக்கிக் கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். அடிபட்ட விலங்கு எதுவானாலும் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு மிச்சம் திறந்து கிடந்தால் தெருநாய் வரும். நாய் வந்தால் முயலும் கீரியும் தரைக்கூடும் போகும். மூடியுள்ள தொட்டி வைப்பதுதான் முதல் மருந்து. இரவில் ஆட்டம் இல்லாதபோது விளக்கை அணையுங்கள்.

எட்டாம் படி: ஏடு

ஷெட்டில் ஒரு நீள நோட்டு தொங்கட்டும், தமிழில். தேதி, பார்த்தது, அடித்த மருந்து, பாய்ச்சிய தண்ணீர். எழுதுபவர் பெயரும் இருக்கட்டும். இரண்டு ஆண்டு ஏடு கையில் இருந்தால், ஆடுபான் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்க அமைப்பு 1991 முதல் கோல்ஃப் மைதானங்களுக்கு நடத்திவரும் சரணாலயச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். திட்டமிடல், வாழிட மேலாண்மை, ரசாயனக் குறைப்பு, நீர்ச் சிக்கனம், நீரின் தரம், மக்களுக்கு எடுத்துச் சொல்வது என்று அவர்கள் கேட்கும் ஆறும் மேலே சொன்னவற்றுக்குள் அடங்கிவிடும். சான்றிதழ் வந்தால் வரட்டும். மைதானம் மூடியிருக்கும் நாளில் பக்கத்து மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து அந்த ஏட்டை மாலியே படித்துக் காட்டுவதை நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன்.

ஆண்டு வேலை, சுருக்கமாக

ஜூலையில் முள்புதர் நாற்று எடுத்து வைத்து, செப்டம்பர் கடைசியில் நடுங்கள், பருவமழை வேர் பிடிக்க வைத்துவிடும். அதே வாரம் குளத்து மட்டத்தை இறக்குங்கள். அக்டோபரில் வலசைப் பறவைக் கணக்கு, இலைக்குப்பைக்குக் கை வைக்காமல் இருப்பது. நவம்பர், டிசம்பரில் உரம் இல்லை, வால்வுப் பெட்டிச் சோதனை உண்டு. தை பிறந்ததும் பொங்கல் கணக்கு. பிப்ரவரியில் உயரப்புல்லின் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள், தீத்தடுப்புப் பட்டையையும் அப்போதே. மார்ச் முதல் வாரம், வண்டி ஓட்டுகிறவர் ஒவ்வொருவருடைய பையிலும் நான்கு குச்சியும் ஒரு முழம் சிவப்புத் துணியும் இருக்கிறதா என்று பாருங்கள்.